இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவில்

ரோஹுகூலாவில் கடல் தொடங்குமிடத்தில் ஒரு தகரக் கொட்டகை.
ஆரஞ்சு அங்கிக்காரர் கண்ணாடியைத் தட்டினார்.
"பின்னால் என்ன?"
"ரொட்டி அடுப்பு. பழையது. நூற்றெண்பது கிலோ."
"நீங்கள்?"
சொன்னேன், ஐந்து கிலோ குறைத்து.

பிறகு விதிகள்.
காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல்.
பெல்ட் போடக் கூடாது.
கதவைப் பூட்டக் கூடாது.
முன்வண்டிக்கும் உங்களுக்கும் மூன்று நிமிடம்.
நடுவில் நிற்கக் கூடாது, படம் எடுக்கவும்தான்.
வேகம் இருபத்தைந்துக்குக் கீழே
அல்லது நாற்பதுக்கு மேலே.

"இடைப்பட்ட வேகம்?"

"அதில்தான் அலை எழும்.
பனிக்கு அடியில் உங்களோடு கூடவே ஓடிவரும்.
மெதுவாகப் போகிறவரை அது விட்டுவிடும்.
விரைகிறவரை எட்டிப் பிடிக்காது.
முப்பதில் போகிறவரைத்தான்…"
அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.
கையை அசைத்து என்னைக் கடலுக்குள் அனுப்பினார்.

கௌப்போ படகுக் கப்பலில் போயிருந்தார்,
அடுப்பின் ரசீதுகளோடு.
குடும்பத்தில் ஒருவராவது நனையாமல் இருக்கட்டும்
என்பது அவர் கட்சி.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
ஆழம் தெரியும். பலகையில் எழுதியிருக்கிறது.
தெரியாதது தடிமன்.

ஹீயுமா இருபத்தாறு கிலோமீட்டர்.
இரு பக்கமும் பனியில் குத்திவைத்த ஜூனிப்பர் கிளைகள்,
இடையே வெள்ளை, வெள்ளை, ஒரு காகம், வெள்ளை.
பெல்ட் போடு பெல்ட் போடு என்று
வண்டி மணியடித்துக்கொண்டே வந்தது.
அதைச் செய்தவர்களுக்குச் சாலை என்றால் மண்.

ஐம்பதில்தான் போனேன்.
பதினோராவது கிலோமீட்டரில்
குறுக்கே ஒரு விரிசல், மேலே விரலளவு தண்ணீர்.
யாரும் சொல்லாமலே கால் தளர்ந்தது.
நாற்பத்தைந்து. நாற்பது. முப்பத்திரண்டு.

கீழே ஒரு பெரிய மரக்கட்டிலில்
யாரோ புரண்டு படுத்தார்கள்.
பின்னால் அடுப்பின் கதவு
தானாகத் திறந்து, தானாக மூடியது.

எனக்குப் பழக்கமான வேகம் அது.

பத்தொன்பது ஆண்டு நகராட்சியில் வரிக்கணக்கு.
அக்டோபரில் ராஜினாமா எழுதினேன்,
கொடுத்தது விடுப்பு விண்ணப்பம். சம்பளமில்லாமல், ஆறு மாதம்.
அடுப்பை வாங்கினேன்,
முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாமா என்று
இரண்டு முறை கேட்டுக்கொண்டு.
கடைக்கு வாடகை பேசினேன், முன்பணம் தரவில்லை.
பெயர்ப்பலகையில் எழுத்துகளை வரைந்துவைத்தேன்,
பென்சிலில்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
இதற்கு நிதானம் என்று பெயர் வைத்திருந்தேன்.
அலுவலகத்தில் எல்லோரும் அப்படித்தான் புகழ்ந்தார்கள்.

இந்த இடத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன் என்று சொன்னால்
கேட்க நன்றாக இருக்கும்.
மிதிக்கவில்லை.
பிரேக்கை, தூங்கும் குழந்தையின் கதவைச் சாத்துவதுபோல்,
மெல்ல, மெல்ல.
இருபது.

கட்டில் அடங்கியது.
மணி மட்டும் அடித்தது.
திரும்பிப் போகவும் இல்லை. அவ்வளவுதான் என் துணிச்சல்.

மீதிப் பதினைந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம்.
வாழ்க்கையையே யோசித்து முடித்திருக்கலாம்.
ஜூனிப்பர் கிளைகளை எண்ணினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டு வரை,
பிறகு பசித்தது.

கரையில் ஒரு பெண் என் வண்டி எண்ணின் மேல் கோடு போட்டாள்,
கடலுக்குள் இனி நான் இல்லை.
கௌப்போ நின்றிருந்தார், கையில் இரண்டு காபி,
இரண்டும் ஆறியவை.
"எப்படி இருந்தது?"
"மெதுவாக."
அடுப்பைத்தான் முதலில் பார்த்தார்,
பிறகு என் காலணிகளை, நனைந்திருக்கிறதா என்று.

முன்பெட்டியைத் திறந்தேன்.
அக்டோபர் தேதியிட்ட கடிதம்,
கையெழுத்துக்கான இடம் இன்னும் காலி.
பேனா இருக்கிறதா என்றேன்.

எதற்கு என்று கேட்கவில்லை.
இருந்தது. எழுதவில்லை. மை உறைந்திருந்தது.
எப்போதும் நனையாத என் கௌப்போ
அதை வாயருகே வைத்து ஊதினார்,
காபியைக் கீழே வைத்துவிட்டு
இரு கையாலும் பொத்தி
ஊதிக்கொண்டே இருந்தார்.