நாற்பத்து நான்காவது ஆள்

பட்டியல் என்னிடம்தான் இருந்தது.
நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கு நாலாயிரம் பெசோ,
குழந்தைகளுக்குப் பாதி,
நோல்ஃபா இன்னும் தரவில்லை.

சிலோயே தீவின் கிழக்குக் கரையில்
எங்கள் தெருச் சங்கத்தின் வருஷாந்திர உல்லாசம்.
குழி தோண்டி, கல்லைப் பழுக்கக் காய்ச்சி,
மட்டி, உருளைக்கிழங்கு, புகைபோட்ட பன்றிக்கறி அடுக்கி,
குடை அகல நால்கா இலைகளால் போர்த்தி
புல்லோடு பெயர்த்த மண்ணால் மூடியாயிற்று.
இனி ஒன்றரை மணிநேரம் வெறும் பேச்சு.
எலாதியோ தன் பழைய பொய்யொன்றைத் தொடங்கியிருந்தான்.

அப்போது எல்லாச் சட்டைப்பைகளும்
ஒரே நேரத்தில் கத்தின.
பன்றி அறுபடுவதற்கும் ஆம்புலன்சுக்கும் நடுவில் ஒரு குரல்.
கூடைக்குள், கைக்குழந்தையின் விரிப்புக்கு அடியில்,
யாரோ கழற்றிவைத்த பூட்ஸுக்குள்ளிருந்துகூட.
என்னுடையது மட்டும் வாய் திறக்கவில்லை.
எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்,
நான் எல்லோரையும் பார்த்தேன்.
கடலோரத்தை விட்டு உடனே வெளியேறவும்
என்பதை முகங்களில்தான் வாசித்தேன்.

அதற்கடுத்த அரை நிமிடம் பற்றி
இன்றுவரை ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை.
யஸ்னா தொலைபேசியைத் தொடையில் அடித்து அடித்து
அதன் வாயை மூடப் பார்த்தாள்.
பேக்கரிக்காரர் உப்பு டப்பாவைத் தேடினார்.
முழங்கால் வலியென்று வேனில் முன்சீட்டு கேட்டு வாங்கிய எலாதியோ
வெறுங்காலோடு
எங்களுக்கு முன்னால் மேட்டில் நின்றான்.
ஒஸ்வால்தோ பிடித்து இழுத்து வந்த கை
நோல்ஃபாவுடையது.
பிரிந்து இரண்டு வருஷம்.
மேலே வந்த பிறகுதான் இருவருக்கும் தெரிந்தது.
உடனே விட்டுவிடவும் இல்லை,
பிடித்திருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் இல்லை.

எண்ணினேன்.
நாற்பத்து நான்கு.
மறுபடி எண்ணினேன்.
ஆள் குறைந்தால் அலறத் தெரியும்,
கூடினால் என்ன செய்வதென்று
நகராட்சிப் பயிற்சியில் சொல்லித்தரவில்லை.

கூடுதல் ஆள் ஒரு சைக்கிள்காரன்.
செம்பட்டைத் தாடி, டென்மார்க்கோ என்னவோ.
எங்கள் பாஷை ஒரு சொல் தெரியாது.
நாங்கள் ஓடினோம், அவனும் ஓடியிருக்கிறான்.
ஒரு கையில் எங்கள் வெங்காயச் சட்டி.
ஏன் எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.
மறு கையில் மிலேன், ஆறு வயசு,
நோல்ஃபாவுக்கும் ஒஸ்வால்தோவுக்கும் ஒரே பிள்ளை.

அப்போதுதான் அந்த இரண்டு கைகளும் விலகின.

கீழே கடல் ஒன்றுமே செய்யவில்லை.
நாங்கள் பார்க்கப் பார்க்க
ஒரு நாரை வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது.
இருபது நிமிஷத்தில் அதன் சாதுத்தனத்தின்மேல்
சிலருக்குக் கோபமே வந்துவிட்டது.
பிறகு இன்னொரு செய்தி:
தவறுதலாக அனுப்பப்பட்டது. வருந்துகிறோம்.
வழக்குப் போடுவேன் என்றாள் யஸ்னா.
முதலிலேயே தெரியும் என்றான் எலாதியோ,
பாதத்திலிருந்து முள் பிடுங்கியபடி.
சிரித்தோம். அளவுக்கு மீறிச் சிரித்தோம்.

குழி அடங்காமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.
மட்டி கொஞ்சம் வெந்து போயிருந்தது, பரவாயில்லை.
சைக்கிள்காரனுக்கும் ஒரு தட்டு.
காசு நீட்டினான், பட்டியலில் பெயரில்லையே என்றேன்,
புரியாமல் தலையாட்டினான்.

முதல் தட்டு காலியாகும் நேரத்தில்
என் தொலைபேசிக்கு விஷயம் வந்து சேர்ந்தது.
தனியாக, முழு மூச்சோடு அலறியது.
வாய்கள் நின்றன.
யாரும் எழவில்லை. நானும்தான்.
பேக்கரிக்காரர் ஏதோ பகடி சொல்ல ஆரம்பித்தார்.

மிலேன் கரண்டியைக் கீழே வைத்தாள்.
செருப்பை மாட்டிக்கொண்டாள், வார் சரியாகப் பூட்டி.
யாருடைய கையையும் தேடாமல்
மேட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.