வெற்று வட்டு

இருமல் மருந்துக் குப்பியில் எண்ணெய் கொண்டுவந்தார்
தம்போன் மேட்டு மிஸ்யே மார்தே.
முந்நூறு கிலோ ஜெரேனியம் இலையை வேகவைத்து
அரைக் கிலோ தேறினால் அதிர்ஷ்டமாம்.
அகேசியா விறகு, செம்பு அண்டா,
ராத்திரி முழுக்கப் புகை குடித்த கண்.
"என் மூக்கு சொல்வதை சேன்-பியேரில் யார் நம்புவார்,
உன் மெஷினைக் கேள்."

மெஷின் மலைத்தொடர் வரைந்தது.
லினலூல் ஒரு மேடு.
சிட்ரோனெல்லால், பார்த்ததும் தெரியும் சிகரம்.
அதன் தோளுக்குக் கீழே ஜெரானியால்.
பிறகு வெகுதூரம் சமவெளி; காகிதம் ஓடிக்கொண்டே இருக்க
வாயில் நுழையாப் பெயரோடு ஒரு கரடு.
எகிப்து எண்ணெயில் அந்த இடத்தில் வேறொன்று நிற்கும்.
"நம் தீவுச் சரக்குதான்" என்றேன்.
அவர் அதற்காக வரவில்லை.

மூன்றாம் வார்டில் அண்ணன். சர்க்கரை. இடது கால்.

தட்டுகளில் கிருமி விதைத்தேன், நாற்றங்கால்போல நெருக்கமாக.
ஒரு பக்கம் எண்ணெய் நனைத்த காகித வட்டு,
மறுபக்கம் எதுவும் நனைக்காத வெற்று வட்டு, சாட்சிக்கு.
மறுநாள் முப்பத்தேழு பாகைக் கதவைத் திறந்ததும்
முகத்தில் அடித்தது ஒரு தோட்டம்.

தங்கநிறக் கிருமி
இருபத்திரண்டு மில்லிமீட்டர் வட்டத்துக்கு வெளியே நின்றது.
சரி.
ஆனால் வெற்று வட்டைச் சுற்றியும்
ஒரு மெல்லிய வழுக்கை.
யாரும் தொடாத இடத்தில்.
மூடிக்கும் அகாருக்கும் இடையே விரற்கடைக் காற்று,
அதில் வாசனை நடந்து போயிருக்கிறது.

மதாம் ஓவாரோ எட்டிப் பார்த்தார்:
"சாட்சியை விலைக்கு வாங்கிவிட்டது உன் எண்ணெய்.
செல்லாது. தனித்தனித் தட்டில் திருப்பிச் செய்."
செய்தேன்.

இன்னொரு தட்டு, அண்ணன் காலிலிருந்து வந்தது.
அந்தக் கிருமிக்கே ஒரு மணம் உண்டு, கனிந்த திராட்சை.
பச்சையாய்க் கசிந்து
எண்ணெய் வட்டின் விளிம்புவரை வந்து
அதன்மேலும் ஏறியிருந்தது.
வாசனையை வாசனை கண்டுகொள்ளவே இல்லை.

"எத்தனை?" என்றார் மார்தே,
என் கையிலிருந்த அளவுகோலைப் பார்த்தபடி.
பூஜ்யத்தை பிரெஞ்சில் சொன்னேன்.
கிரியோலில் சொன்னேன்.
பாண்டிச்சேரியில் பிறந்த வாய்
அவருக்குப் புரியாத தமிழிலும் ஒருமுறை முணுமுணுத்தது.
"புண்ணில் ஊற்றிவிடாதீர்கள். ஊசி மருந்து இருக்கிறது."

குப்பியை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.
"கொசுவுக்காவது ஆகும், வைத்துக்கொள்."

கெட்டுப்போன அந்த முதல் தட்டை
மூன்று நாளாய் நான் கொதிகலனில் போடவில்லை.
ஓவாரோ கேட்டால்
மறந்துவிட்டேன் என்பேன்.