ஒன்று குறைய முன்னூறு

சவரிமுத்து என் மேல் அடித்தவை நாற்பத்தொன்று.
அவனைக் கேட்டால் நாற்பது என்பான்.
நான் எந்த நோட்டிலும் எழுதி வைக்கவில்லை.
கோலிக்கு அதெல்லாம் முதுகில் எழுதியிருக்கும்.

பதினேழு வருஷம், ஒரே சட்டை.
மில் கேட் யுனைடெட்,
பச்சையில் வெள்ளைக்கோடு.
வெளுத்து வெளுத்து
எட்டா ஒன்பதா என்று நடுவரே கேட்ட எண்.
மூன்றரைச் சங்கு ஊதியதும்
தலைமயிரில் பஞ்சோடு
அரசரடி மைதானத்துக்கு சைக்கிளில் வருவான்.
தட்டிவிட மாட்டான்.
முதல் கோல் விழுவதற்குள் அதுவே உதிர்ந்திருக்கும்.

வேகம் கிடையாது. உயரமும் இல்லை.
இடதுகால் சும்மா கூட வருவது.
ஆனால் பந்து எங்கே வந்து விழப்போகிறதோ
அங்கே முன்னமே நின்று
முழங்காலைச் சொறிந்துகொண்டிருப்பான்,
டவுன் பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி.

கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு.
ஸ்ட்ரைக் நடந்த வருஷம், அரைவயிற்றோடு, முப்பத்தொன்று.
ஒருதரம் பூட்ஸ் கழன்று பந்தோடு பறந்து வந்தது.
நான் பூட்ஸைப் பிடித்தேன்.

மெட்ராஸிலிருந்து பேங்க் டீம்காரர்கள் வந்தார்கள்.
கிளார்க் வேலை, குவார்ட்டர்ஸ்.
பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு லாட்ஜில்
முட்டை பரோட்டா வாங்கிக் கொடுத்துப் பேசினார்கள்.
தின்றுவிட்டுத் திரும்பிவிட்டான்.
ஏன்டா என்றேன்.
"அங்க கிரவுண்டெல்லாம் புல்லாம்ண்ணே.
புல்லுல பந்து வர்ற சத்தம் கேக்காது."
அப்புறம் நான் கேட்கவில்லை.
அவன் பெண்டாட்டி பல வருஷம் கேட்டாள் என்று கேள்வி.

இனி அந்தப் பந்து.

லீக்கின் கடைசி ஆட்டம், பங்குனி வெயில்.
இன்னும் ஒன்று அடித்தால் முன்னூறு என்று
கடலை விற்கிறவருக்கும் தெரியும்.
மில் ஆட்கள் பத்தாயிரம் வாலா வாங்கி
என் கோலுக்குப் பின்னாலேயே
நீளமாக விரித்திருந்தார்கள்.
ஒருவரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கார்னர். புழுதி. பத்து முழங்கை.
அவன் வலதுகால்.
பந்து என் தொடையை ஒட்டிப் போனது.
நிக்கர் ஓரம் காற்றில் படபடத்தது,
அவ்வளவுதான்.

சரம் வெடித்து ஓய்ந்த புகைக்குள்
கை நீட்டினான், என்னைத் தூக்கிவிட.
"என் தொடையில பட்டுத்தான்டா போச்சு" என்றேன்.

நாற்பது தடவை திரும்பிக் குனிந்து
வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்தவனுக்கு
ஒன்றிலாவது பங்கு வேண்டாமா என்பது
இப்போது சொல்லும் காரணம்.
அப்போது எரிச்சல். வேறொன்றுமில்லை.

கையை உதறிக்கொண்டு
நேரே ஸ்கோரர் மேஜைக்குப் போனான்.
பீர்முகமது மாட்டேன் என்றார்.
மாலை போட்டாயிற்று, லட்டு கொடுத்தாயிற்று,
பேனாவில் எழுதியதை எதைக்கொண்டு அழிப்பது.
ஆக, நோட்டில் முன்னூறு.
அவன் வாயில் ஒன்று குறைய.

அடுத்த சீசன் முழங்கால் போனது, பிறகு மில்லும்.
அதற்கு முன் மூன்று ஆட்டம் வந்தான்.
ஒன்றில் எனக்கு எதிரே தனியாக,
நடுவில் யாரும் இல்லாமல்.
பிடித்துவிட்டேன்.
என் ஆயுசில் நான் பிடித்த நல்ல பந்து அதுதான்.
நெஞ்சோடு அணைத்தபடி
கொஞ்சநேரம் எழாமலே கிடந்தேன்.
அடி பட்டதோ என்று ஓடிவந்தவனும் அவன்தான்.

போன மாதம் காளவாசலில் ஒரு கடை.
செல்போனில் படம் பிடித்துக்கொண்டே
ஒரு பையன் கேட்டான், எத்தனை கோல் சார்?
"எரநூத்தித் தொண்ணூத்தொம்போது" என்றான் சவரி.
முன்னூறுன்னு போட்டிருக்கே சார்?
"ஒண்ணு அண்ணனோடது."
பையன் செல்போனை என் பக்கம் திருப்பினான்.

டீ சூடாக இருந்தது.
ஊதிக்கொண்டிருந்தேன்.