நிற்றல், நிலை நூறு

அந்த விளையாட்டில்
ஓநாயைக் கொன்றால் ஒரு புள்ளி கையில் விழும்.
அதைக் கொண்டுபோய்ப் பூட்டுத் திறப்பதில் போடலாம்,
ரொட்டி சுடுவதில் போடலாம்.
எனக்கு இது ஒப்பவில்லை.
கொல்லனுக்கு உலையடியில்தானே கை தேற வேண்டும்?

கோப்பைத் திறந்தேன்.
ரெலாவ் ஃபிளாட், பதினோராவது மாடி,
நைட் சிஃப்டு முடிந்து தூக்கம் பிடிக்காத காலை.
கீழே யாரோ மீன்காரரிடம் ஹொக்கியனில் விலை பேசுகிறார்கள்.
ஓடினால் ஓட்டம் ஏறும்.
சுமந்தால் தோள் ஏறும்.
அடி வாங்குகிறவனுக்கும் ஏதாவது ஏறட்டும் என்று
தாங்குதல் என்றொரு திறன் போட்டேன்.
கடைசியாக, ஏன் என்று இப்போதும் தெரியவில்லை,
நிற்றல்.
நிமிடத்துக்குக் கால் புள்ளி.
நான்கு புள்ளிக்கு ஒரு வரம்.

சுங்கை டுவாவிலிருந்து யுவேந்திரனின் குரல் செய்தி:
"டேய், சும்மா நிக்கிறதுக்கெல்லாம் புள்ளியா?
எங்க சூப்பர்வைசர் கேட்டா செத்துருவாரு லா."
அதுவும் சரிதான் என்று
என் வீரனுக்கு நாளைக்குப் பத்துப் புள்ளி என உச்சவரம்பு வைத்தேன்.
மற்றவர்களுக்கு வைக்க மறந்தேன்.
கம்ப்யூட்டரை அணைக்கவும் மறந்து
வேலைக்குப் போனேன்.

பன்னிரண்டு மணி நேரம்.
மைக்ராஸ்கோப்பின் கீழே தட்டுத் தட்டாய்ச் சிப்புகள்.
நல்லது இடப்பக்கம்.
கெட்டது வலப்பக்கம்.

திரும்பி வந்தபோது
வடக்கு வாசல் காவலன்,
பெயர்கூட இல்லாதவன், கோப்பில் வெறும் காவலன் ஏழு,
அந்த ராஜ்ஜியத்திலேயே பெரிய ஆளாகியிருந்தான்.
நிற்றல், நிலை நூறு.
மலைமேல் தூங்கும் டிராகனுக்கே அறுபத்திரண்டுதான்.
கிட்டப் போனால் வழக்கமான ஒரே வாக்கியம்:
"இருட்டினால் வாசல் மூடப்படும்."
கையில் செலவழிக்காத வரம் நாற்பத்தைந்து.

புராணத்தில் ஒற்றைக்காலில் நின்றவனிடம்
யாராவது இறங்கி வந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள்.
இங்கே கேட்க வேண்டியவன் நான்தான் போலிருக்கிறது,
பனியனோடு, ஆறிப்போன மைலோவோடு,
இன்னும் பசியாறாமல்.

பட்டியலைத் திறந்தேன்.
நெருப்பு வாள். இரட்டை அடி. விஷம் ஏறாத உடம்பு.
ஒவ்வொன்றாய் அவனுக்கு வைத்துப் பார்த்தேன்.
நெருப்பு வாள் கொடுத்தாலும்
அதை ஏந்திக்கொண்டு அங்கேதான் நிற்பான்.

பட்டியலில் என்ன இல்லை என்று
பத்து மணிக்குத்தான் புரிந்தது.
மதுக்கடை முக்காலியைத் திருடி வந்தேன்.
குடிகாரன் ஒருவன் உட்காரும் அசைவை நகலெடுத்து
தள்ளாட்டத்தை மட்டும் வெட்டினேன்.
புது வரம்: உட்காருதல்.
விலை நாற்பத்தைந்து.

முதல் தடவை முக்காலிக்குள் முழங்கால் புதைந்தது.
இரண்டாம் தடவை காற்றில் உட்கார்ந்தான்.
ஒன்பதாம் தடவை
ஈட்டியைச் சுவரில் சாய்த்தான்
(இதை நான் எழுதவில்லை,
குடிகாரன் கோப்பை வைக்கும் கை மிச்சம் இருந்திருக்கும்)
மெல்ல அமர்ந்தான்.
வாசல் அப்படியேதான் இருந்தது.
யாரும் படையெடுத்து வரவில்லை.

"சமநிலை கெட்டுப் போச்சுடா" என்றான் யுவேந்திரன்.

மாலை ஆறே காலுக்குக் கம்பெனி பஸ்.
கீழே எங்கள் ஃபிளாட்டின் நேப்பாளிக் காவலர்
கால் ஒடிந்து கம்பி கட்டிய பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து
கை தூக்கினார்.
எங்கள் வரிசையில் அதுவும் கிடையாது.
உட்கார்ந்தால் கண் சொக்கும் என்று
யாரோ எப்போதோ ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு
உடம்பை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றிக்கொண்டு
எனக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.
ஏழு வருடம், டெக்னீஷியன் கிரேடு இரண்டு,
வாரத்துக்கு நாலு சிஃப்டு,
நிமிடத்துக்குக் கால் புள்ளி.
பாதிக் கணக்கில்
கையிலிருந்த சிப்பை
எந்தப் பக்கம் வைத்தேன் என்று மறந்துவிட்டது.