பேரேட்டில் ஒரு சொல்

பெங்கவான் ஆறு வீட்டுக்குள் வந்த இரவில்
லெகியெம் அரிசியைத் தலைக்கு ஏற்றினாள்: ஞுங்கி.
வர்சிடியின் தோள்கழியில்
இரு பக்கமும் பாத்திரங்கள் ஆடின: மிக்குல்.
கடைசிப் பயல் கோழியை அக்குளில் இடுக்கியிருந்தான்,
ஙெம்பிட்;
வழியெல்லாம் அது அவனைத் திட்டிக்கொண்டே வந்தது.

பள்ளிக்கூட வாசலில் முகாம் எழுத்தர்
நனைந்த பேரேட்டைப் பிரித்தார்.
ஜகார்த்தாக்காரர்.
அவர் பேனாவில் இருந்தது ஒரே சொல், பாவா.
அரிசி, பாவா. பாத்திரம், பாவா.
கோழி... சற்று யோசித்து,
பாவா.

லெகியெம் எட்டிப் பார்த்தாள்.
"தலையில் வந்ததும் தோளில் வந்ததும் ஒன்றா, ஐயா?
உங்கள் எழுத்தில் எங்கே கழுத்து?"

அவர் சிரிக்கவில்லை.
இடுப்புத் துணிக்குள் அசைந்ததைக் காட்டினார்.
"இது?"
"கெண்டோங்."
"யார் பிள்ளை?"
"தெரியாது. கரையோரம் அழுதது."

கைநாட்டு வைக்க வேண்டும்.
மூட்டையை இறக்க வேண்டும்.
துணியை அவிழ்த்து அவரிடம் நீட்டினாள்.

பேனா எங்கோ உருண்டது.
இரு கைகளிலும் ஏந்தி,
மூச்சைக்கூட மெல்ல விட்டபடி நிற்கிறார்
எழுத்தர்,
ம்போபோங் என்ற சொல்லுக்குள்,
அதன் பெயர் தெரியாமல்.