பூஜ்யம்

கோரிப்பாளையம் சிக்னல் தாண்டி
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவனை
பகல் பதினொன்றரைக்கு நிறுத்தி
ஊதச் சொன்னார்கள்.
ஊதினேன்.
மெஷின் பூஜ்யம் காட்டியது.
தட்டிப் பார்த்துவிட்டு
இன்னொரு தடவை.
பூஜ்யம்தான்.
"அப்புறம் ஏன்யா இப்படி நடக்குற?"
கோபமில்லை அந்தக் கான்ஸ்டபிளுக்கு,
ஏமாந்து போயிருந்தார்.

பதில் என்னிடம் இருந்தது:
மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.
அதைச் சொல்லி முடிப்பதற்குள்
நாக்கு குழறும்.
குழறினால் சந்தேகம் உறுதியாகும்.
"மயக்கம் சார்" என்றேன்.
எல்லோருக்கும் புரிகிற நோய் அது.

இரவு நாகஜோதியிடம் சொன்னேன்.
சிரிப்பாள் என்று நினைத்தேன்.
அடுப்பை அணைத்துவிட்டு
மாவு ஒட்டிய கையோடு
வெகுநேரம் நின்றாள்.
மறுநாள் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தாள்,
பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளை,
ஐந்தாம் நம்பர்.
டவுன் பஸ்ஸுக்குத் தவிர
எதற்கும் ஓடியறியாத கால்.

நரம்பின் மேலிருக்கும் உறையை
உடம்பே அரித்துத் தின்கிறது என்றார் டாக்டர்.
எந்த நரம்பு, எப்போது
என்று மட்டும் சொல்லவில்லை.
முதலில் இடது கண்.
அப்புறம் பாதம்.
ஒரு செருப்பு கழன்றது தெரியாமல்
சிம்மக்கல்லிலிருந்து பெரியார் நிலையம் வரை
நடந்திருக்கிறேன்.
பார்த்தவர்களும் சொல்லவில்லை.
குடிகாரனிடம் யார் பேசுவார்கள்?

நன்கொடை நோட்டோடு
தெருத் தெருவாகப் போனாள் ஜோதி.
"எம்.எஸ்.ஸா? எந்தக் கட்சிம்மா?"
என்றார் டீக்கடை செவ்வந்தியப்பன்.
"உட்கட்சிப் பூசல்ணே" என்றாள்.
அவர் விழுந்து விழுந்து சிரித்து
இருநூறு எழுதினார்.
பிறகு கடைசி வீடு வரை கூடவே வந்தார்,
அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு.

உலகம் இந்த நோய்க்கென ஒதுக்கிய நாள்
மே மாதக் கடைசியில் வருகிறது.
நாள் குறித்தவர்களுக்கு
மதுரை வெயில் தெரியாது.
சூடு ஏறினால் என் கண் மங்கும்,
முட்டி மடங்கும்,
கை தன்பாட்டுக்கு இருக்கும்.
அதனால் ஐந்து மணிக்கே ஆரம்பித்தார்கள்,
ரேஸ்கோர்ஸிலிருந்து கடச்சனேந்தல் போய்த் திரும்ப.
எழுபத்து மூன்று பேர்.
நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றி
மூன்றுமாவடித் திருப்பத்தில்
தண்ணீர் கொடுக்க உட்கார்ந்திருந்தேன்.

யானைமலைப் பக்கம் வெளுக்கத் தொடங்கியதும்
கண்ணுக்குள் புகை வந்தது.
ஓடி வருகிறவர்கள் எல்லாம்
ஒரே வெள்ளை பனியன்.
"ஜோதீ" என்று கத்தி
யாரோ ஒருத்திக்குக் கிளாஸை நீட்டினேன்.
அவளும் நின்று குடித்து
"தேங்க்ஸ்ணே" என்று ஓடினாள்.

பந்தோபஸ்துக்கு நின்ற காக்கி
என்னருகே வந்தது.
அதே கான்ஸ்டபிளா, தெரியவில்லை.
என் பனியனில் இருந்ததை
எழுத்துக் கூட்டி வாசித்தார்:
ஸ்... கி... ளி...
"இது வந்தா என்னாகும்?"
நோட்டீசைக் கொடுத்திருக்கலாம்.
எழுந்து பத்தடி
நடந்து காட்டினேன்.
அவர் தொப்பியைக் கழற்றி
நெற்றியைத் துடைத்து
மறுபடி போட்டுக்கொண்டார்.
எதுவும் சொல்லவில்லை.
பிறகு அழகர்கோவில் பஸ்ஸை
ஒற்றைக் கையால் மறித்தார்.
அதன் முன்னால்
வேர்த்துக் கொட்டி, ஒரு பக்கம் சாய்ந்து
வந்துகொண்டிருந்தவள்தான் ஜோதி,
கடைசியிலிருந்து நான்காவதாக.

சேர்ந்த பணம்
ஒரு ஊசிக்கே பற்றாது.
அது கணக்கு; அதை விடுங்கள்.

வெயில் ஏறுமுன் வீடு சேரணும்.
அவள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
என் கால் எப்போதும் போல.
தோளில் தோள் கொடுத்து
புதூர்ச் சாலையில் நாங்கள் தள்ளாடி வந்தபோது
பைக்கில் போன ஒருவன்
வேகம் குறைத்துக் கேட்டான்:
"காலங்காத்தாலயே ஜோடியாவா?"

ஜோதி நின்றாள்.
கன்னம் இரண்டும் உப்ப மூச்சிழுத்து
அவன் போன திசை பார்த்து
நீளமாக
ஊதினாள்.