பத்திக்கு வெளியே

கேள்விக்கு இரண்டு நிமிடம்.
குக்கரில் சோறு வேகுமுன் பத்துக் கேள்வி
என்று கணக்கு வைத்திருந்தேன்.
ஆறு மணிக்கு மின்சாரம் போனது, சோறும் நின்றது.
கைபேசியில் கடிகாரம் மட்டும் ஓடுகிறது.

சாட்ஸ்வர்த், ஏழாவது யூனிட்.
இன்னும் முழுதாக இருட்டவில்லை.
சன்னல் கம்பியில் ஒரு குரங்கு
என் ரொட்டியைப் பார்க்கிறது,
நான் பத்தியைப் பார்க்கிறேன்:

ஒரு நகரத்தில் சைக்கிள் பாதை போட்டார்கள்.
அடுத்த வருடம் விபத்து குறைந்தது.
ஆகவே, பாதைதான் காரணம்.
பின்வருவனவற்றுள் எது உண்மையானால்
இந்த முடிவு மிகவும் பலவீனப்படும்?

ஆகவே.
இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான்
எல்லாரும் ஒளிந்துகொள்கிறார்கள்.
முன்னால் இருப்பது ஆதாரம்,
பின்னால் இருப்பது பெரும்பாலும் ஆசை.
நடுவே ஒரு பலகை விட்டுப்போயிருக்கும்.
அதை மிதித்துப் பார்ப்பதற்குத்தான் மதிப்பெண்.

பத்திக்கு வெளியே போகாதே என்கிறது புத்தகம்.
உனக்குத் தெரிந்ததை வாசலில் கழற்றி வை.
இதைப் பழக எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.
ஆலை உற்பத்தி ஏன் சரிந்தது என்று கேட்டால்
டாக்சி ஓடியிருக்காது என்பேன்,
யாருக்காவது பல்வலி இருந்திருக்கும் என்பேன்.
தப்பு, தப்பு என்று சிவப்பாக வரும்.

நேற்று மதியம்
ஹெய்ன்ரிக் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.
ஜேக்கப்ஸில் பள்ளிச் சீருடை தைக்கும் ஆலை,
சம்பளப் பிரிவில் நான்.
எழுத்துப்பிழை மட்டும் பார், கம்சலா.

ஆர்டர் ஒன்பது விழுக்காடு குறைந்துள்ளது.
பழுதான துணியில் பெரும்பகுதி இரவு ஷிப்டில் வருகிறது.
ஆகவே, இரவு ஷிப்டை மூடுவது
நிறுவனத்தைக் காப்பாற்றும்.

தேர்வில் வரும் அதே நீளம்.
பென்சில் எப்போது கைக்கு வந்தது என்று தெரியாது.

நோம்புசோவின் மகளுக்குப் பேச்சு வராது,
அந்தச் சிறப்புப் பள்ளிக்குக் கட்டணம் அதிகம்.
இது நெஞ்சைத் தொடும், வாதத்தைத் தொடாது.
நான்காவது விடையாக இதைத்தான் வைப்பார்கள்,
என்னைப் போன்றவர்கள் விழுவதற்கு.
சரி, விழவில்லை.

ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு
புதிய இயந்திரங்களின் அறையைப் பூட்டிவிடுகிறார்கள்.
இரவில் ஓடுவது பழையவை பதினான்கு,
ஊசி மாற்றக் கேட்டு எழுதிய சீட்டுகள்
என் இழுப்பறையில்தான் கிடக்கின்றன.
சாவி ஹெய்ன்ரிக்கிடம்.

தேர்வில் ஐந்து விடைகளையும்
யாரோ எழுதி வைத்திருப்பார்கள்,
நாம் வட்டமிட்டால் போதும்.
இந்தத் தாளில் விடைகள் இல்லை.
கேள்வியே கேட்கப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
கேப் டவுன் கல்லூரிக்கு என் பரிந்துரைக் கடிதத்தை
அவர்தான் எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்.

'விழுக்காடு' என்பதில் ஒரு கால் விட்டிருந்தது, போட்டேன்.
அப்புறம் ஓரத்தில், பென்சிலால், சின்னதாக:
இரவில் ஓடுவது எந்த இயந்திரம்?

வாசித்தார்.
இது எழுத்துப்பிழை இல்லையே என்றார்.
இல்லை என்றேன்.
பழக்கதோஷம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஒரு நிமிடம் நாற்பது நொடி நின்றார்.
தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.
சரியா, தப்பா?
சிவப்பும் வரவில்லை, பச்சையும் வரவில்லை.

குக்கர் டிக் என்கிறது, மின்சாரம் வந்துவிட்டது.
ரொட்டியில் பாதியைக் காணோம்.
நாளை உம்லங்காவில் தேர்வு.

சைக்கிள் கேள்வி அப்படியே கிடக்கிறது.
அந்த வருடம் முழுக்க மழையாக இருந்திருக்கும்.
ஒருவரும் வெளியே வந்திருக்க மாட்டார்கள்.